எக்ஸ்ரே வெல்டர் தேவை

வரிசையில் நிற்பது என்றாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும். ரேஷன் கடை, தியேட்டர், டாக்டர் வீட்டு வாசல், எதுவாக இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவன்" என்று என் அக்கா சொல்லுவாள். சின்ன வயதில் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாராட்டு ஒன்றும் இல்லை என்பது இருபத்துநாலாவது வயதில்தான் தெரிந்தது, அதுவும் எல்லாம் அக்கா தலையில் விடிந்த பிறகு.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருந்த கம்பெனிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும் சவுக்கும்தான். அந்தக் கம்பெனிகளில் ஒன்றில், சர்க்கரை ஆலைக்கும் பால் பண்ணைக்கும் பாய்லர் செய்கிற இடத்தில், நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வருகிறவன் போகிறவன் நேரத்தை எழுதுவது, லேட்டானவன் பெயருக்கு நேரே சிவப்பு மை வைப்பது, இவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஒரே மாதத்தில் ஆள் பிடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. டைப் அடிக்கத் தெரியும், சைக்கிள் இருக்கிறது, அதே ரோட்டில் இருக்கிற வல்லத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். இது போதாதா.

ஆள் பிடிக்கிற வேலை என்றதும் ஆளில்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். காலை ஏழரை மணிக்கே கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர்கள், நிலம் கொடுத்தவர்களின் பங்காளிகள், குன்றத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தவர்கள். என்னைக் கண்டதும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார்கள்.

"தம்பி, இன்னா வேலன்னாலும் பரவால்ல தம்பி."

"உனக்கு இன்னா வேல தெரியும்?"

"இன்னா வேலன்னாலும் தெரியும்."

இதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? உள்ளே போனால் ஆறு வெல்டிங் மெஷினில் நாலு கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். வெளியே வேலைக்கு அலைகிற ஆட்கள், உள்ளே ஆளுக்கு அலைகிற வேலை, நடுவில் கேட்டைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டு நான். பைத்தியம் பிடிக்காத குறை.

எங்களுக்கு வேண்டியது சும்மா இரும்பை ஒட்டுகிறவன் இல்லை. கட்டில் காலும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பாய்லர் அப்படி இல்லை. உள்ளே நீராவி முட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டின இடத்தில் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தாலும் வெடித்து ஆளைக் கொன்றுவிடும். அதனால் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய்க்காரனுக்கு நெஞ்சில் எடுக்கிற மாதிரி. ஃபிலிமில் வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்குள் கருப்புப் புள்ளி இருந்தால் அவ்வளவையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். புள்ளி விழாமல் பற்றவைக்கிறவனுக்குத்தான் எங்கள் கம்பெனியில் எக்ஸ்ரே வெல்டர் என்று பெயர். அப்படி இருந்த இரண்டு பேரில் ஒருவன் பஹ்ரைனுக்குப் போய்விட்டான். இன்னொருவன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் மாம்பலத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் வேனிலிருந்து இறங்கும்போதே முகம் கடுகடு என்றிருக்கும். மூன்று பாய்லர் ஷெட்டில் பாதியில் நின்றன. வாங்க வேண்டியவர்கள் தினமும் டிரங்க்கால் போட்டுத் திட்டினார்கள். அவர் அதை வாங்கி அப்படியே என்னிடம் இறக்கிவைப்பார்.

"இத்தனை கோடி ஜனம் இருக்கற தேசத்துல எனக்கு நாலு வெல்டர் கிடைக்கலைன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்கய்யா" என்பார்.

என்னை அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் அனுப்பினார். வேறு கம்பெனிகளின் வாசலில், ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, கழுத்தைப் பார்க்க வேண்டும். சட்டையின் மேல் பட்டனுக்கு மேலே வெந்து கருத்த தோல், முன்கையில் கடுகு வெடித்துத் தெறித்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தழும்பு, அவன்தான் வெல்டர். பின்னாலேயே போய் டீக்கடையில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் வேலை. ஆனால் அந்த அலைச்சல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் மூன்று பஸ், நாலு கேட். உட்கார நேரமே இருக்காது.

அப்படி மூன்று பேரைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். ஒருவன் ஒன்பதாம் நாள் கம்பி நீட்டினான். இன்னொருவன் டிபன் பாக்ஸைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான். மூன்றாமவன் டிரங்குப் பெட்டி, ஸ்டவ், பெண்டாட்டி என்று குடும்பத்தோடு வந்து இறங்கினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தம்மா ரோட்டோரம் நின்று நாலு பக்கமும் ஒரு சுற்று பார்த்தார்.

"கட எங்க கீது?"

"பெரும்புதூர்லம்மா."

"டாக்கீஸு?"

"அதுவும் பெரும்புதூர்லதான்."

"பஸ்ஸு எத்தினி மணிக்கு ஒண்ணு?"

நான் பதிலை யோசிப்பதற்குள் அவர்கள் வந்த பஸ்ஸே ஒரகடம் போய்த் திரும்பி வந்துவிட்டது. பெட்டியை இறக்கின அதே கையால் அவன் அதை மேலே ஏற்றினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அந்த ஸ்டவ்வைத் தூக்கிக் கொடுத்தேன்.

நிரந்தரம் என்று சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவராவது நின்றிருப்பார்கள். சொல்ல முடியாது. கம்பெனிக்கு நிலமும் கடனும் அரசாங்கம் கொடுத்திருந்தது. பதிலுக்கு, நிரந்தர வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் அனுப்புகிற பட்டியலிலிருந்துதான் ஆள் எடுப்போம் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். யார் முதலில் பதிந்தார்களோ அவர்கள் பெயர் முதலில் வரும். பதிந்த தேதிதான் பேச்சு. கையில் வேலைத்திறமை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது எங்கள் பாடு.

இந்த இடத்தில் என் அக்கா வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். மாமா ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவர். படித்த கையோடு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அழைப்பு வருகிற வரைக்கும் என்று மதராஸ் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலியாகச் சேர்ந்தவர், அங்கேயே இருந்துவிட்டார். ரிப்பேருக்கு வருகிற கப்பலின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு பற்றவைப்பார். ராயபுரத்தில் ஆறு பேரோடு ஒரு ரூமில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவார்.

"ஊர்ல கீறவளுக்கெல்லாம் தெனத்திக்கும் புருஷன், எனக்கு மட்டும் ஞாயித்துக்கெழம புருஷன்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது, அப்பாவின் பையை அவிழ்ப்பதற்காகச் சனிக்கிழமை முழுக்க வாசலிலேயே இருப்பாள். சின்னவனுக்கு இரண்டு. அவன் அப்பாவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பழகி மடியில் ஏறி உட்காரும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். மறுவாரம் மறுபடி கதவுக்குப் பின்னால். அக்கா சிரிக்காமல் இருந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கம்பெனியில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு.

"அவருக்கு அங்க ஒரு வேல ஆயிட்சின்னா போதும்டா. சைக்கிள்ல போவாரு, சைக்கிள்ல வருவாரு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன் உன்ன."

"நான் யாருக்கா குடுக்க? லிஸ்ட்ல பேரு வரணும்."

"பதினோரு வருசம் ஆச்சி, வராமயா பூடும்?"

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏனென்றால் வராது என்று எனக்குத் தெரியும்.

பதிந்த கார்டை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை டவுனுக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். தவறினால் பதிவு செத்தது. மறுபடி பதிந்தால் புதிதாக, கடைசி ஆளாக நிற்க வேண்டும். நான் கம்பெனிக்கு வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் மாமாவின் முறை வந்தது. துறைமுகத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று அவர் கார்டை அக்காவிடம் கொடுத்தார். அக்கா கைக்குழந்தைக்காரி. எனக்கும் அந்த மாதமே புதுப்பிக்க வேண்டியிருந்ததால் இரண்டு கார்டும் என் சட்டைப் பையில் ஏறின.

நல்ல சித்திரை வெயில். ஆபீஸ் படியில் தொடங்கின வரிசை தெருமுனை டீக்கடை வரைக்கும் நீண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் நின்றேன். எனக்கு அதுவே ஜென்மத்துக்கும் போதும். ஜன்னலுக்குப் போனதும் என் கார்டில் முத்திரை விழுந்தது. மாமா கார்டை நீட்டினேன். ஒருவர் பத்துக் கார்டு கொண்டுவந்தால் பின்னால் நிற்பவர்கள் என்ன ஆவது என்று, ஒரு முறைக்கு ஒரு கார்டுதான் என எழுதியே ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றுக்கு மறுபடி கடைசியிலிருந்து வர வேண்டும். திரும்பிப் பார்த்தேன். வரிசை நான் வந்தபோது இருந்ததைவிட நீளம்.

மத்தியான ஆட்டம் சினிமாவுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் வந்து போட்டுக்கொண்டால் போகிறது, இன்னும் நாள் இருக்கிறது என்று ஒரு சமாதானம். அக்கா வீட்டுக்குப் போனதும் அவள், "ஆச்சாடா?" என்றாள்.

"ஆச்சிக்கா."

அவ்வளவுதான். அவள் கார்டை வாங்கி பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமா வருகிற ஒரு நாளில் அதை எடுத்துப் பார்க்கிறவர் இல்லை, போனது யார் என்று கேட்கிறவரும் இல்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு ஒரு நாள் சைக்கிளில் போகும்போது திடீரென்று நினைவு வந்து தேதியைக் கணக்குப் பார்த்தேன், எல்லாம் கடந்துபோயிருந்தது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தால், இந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று தோன்றும். கோபமாக இருந்தால், இப்போது எதற்கு என்று தோன்றும். கோழை. வேறு என்ன சொல்வது?

வெல்டர் வேண்டும் என்று எம்ப்ளாய்மென்ட் ஆபீஸுக்குப் போன கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். பதிலுக்குப் பட்டியல் வந்த நாள் கவரைப் பிரித்ததும் நான்தான். பன்னிரண்டு பெயர். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். முதல் பெயர்க்காரன் பதிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முத்திரை மட்டும் விழுந்திருந்தால் அவனுக்கும் மேலே மாமாவின் பெயர் இருந்திருக்கும். உட்கார முடியாமல் எழுந்து போய் ஷெட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சோதனைக்கு வந்தார்கள். முதல் பெயர்க்காரர் படித்து முடித்த பிறகு வெல்டிங் பக்கமே போகவில்லை, கல்யாணங்களுக்குச் சமையல் வேலை. வெல்டிங் ராடைத் தகட்டில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. பிடுங்குகிறேன் என்று மேசையையே தன் பக்கம் இழுத்தார். "கொஞ்சம் டச்சு வுட்டுப் பூட்சி சார்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, அழைப்பு வருகிறவரைக்கும் வயிறு காத்திருக்குமா? மற்ற ஏழு பேரும் ஏறக்குறைய அப்படியேதான். எடுத்த எக்ஸ்ரேயெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

மேனேஜர் ஃபிலிம்களை மேசையில் போட்டார். "உங்க ஊர்ப் பக்கம் ஒருத்தன்கூடவா இல்லை?" என்றார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாக உளறிவிட்டது. "எங்க அக்கா வீட்டுக்காரர் இருக்கார் சார். ஹார்பர்ல."

"இத்தனை நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் சார் என்று நழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மேனேஜரும் அதற்காகவே மாம்பலத்திலிருந்து வந்திருந்தார். சோதனைத் தகட்டை வழக்கம்போல் மேசையில் வைத்திருந்தோம். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத்த தூக்கி மேல கட்டிட்டீங்கன்னா நல்லா இருக்கும் சார். குனிஞ்சி பண்ணி எனக்குப் பழக்கமில்ல."

தலைக்கு மேலே பற்றவைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். உருகின இரும்பு மார்பிலேயே சொட்டும். யாரும் வேண்டாம் என்பதைத்தான் அவர் கேட்டு வாங்கினார். தகட்டைச் சட்டத்தில் தூக்கிக் கட்டினோம். தரையில் கோணியை விரித்து, வீட்டில் படுக்கிற மாதிரி சாவகாசமாக மல்லாந்து படுத்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். வேலை ஒரு மணி நேரம் ஆனது. முடித்து எழுந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டு, "மீன் கொழம்பு வச்சிக்கீறா உங்கக்கா, போலாமா மச்சான்" என்றார்.

புதன்கிழமை ஃபிலிம் வந்தது. மேனேஜர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளைக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு புள்ளி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் சேர்ந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்தாளை விட்டுடாதே. பதினோரு வருஷ சீனியாரிட்டின்னு சொல்றே, லிஸ்ட்ல எப்படி விட்டுப்போச்சு? அவர் கார்டைக் காட்டிப் பேர் போட்டு எழுதுவோம், நிச்சயம் அனுப்புவாங்க. நாளைக்குக் கார்டு வரட்டும்."

சாயங்காலம் அக்காவிடம் போனேன். கார்டைக் குடு, நானே எடுத்துப் போகிறேன் என்றேன். வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றெல்லாம் புத்தி போனது. அவள் கொடுக்கவில்லை.

"நீ எங்கியானா போட்டுடுவ. நானே எடுத்தாரேன். அவரு வேலைக்கு நானும் ஒரு தபா வந்து கும்புடு போட்ட மாதிரி இருக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா கேட்டில் நின்றாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை, இடுப்பில் சின்னவன், மூன்று மைல் நடந்து வந்த வேர்வை. மேனேஜர் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் கார்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் முன்பக்கம் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கம் திருப்பினார். விரல் முத்திரை முத்திரையாக இறங்கிவந்து நின்றது.

"கடைசியா ரினிவல் ஆகலையேம்மா. கார்டு லாப்ஸ் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "இல்ல சார், சீல் வச்சாச்சே" என்றாள்.

"இங்க வரணும் அது. காலியா இருக்கு பாரு. யார் போனது இதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். படிக்கத் தெரியாதவள் அதைப் படித்துவிட்டாள்.

"நான்தான் சார்" என்றாள். "கைக்கொழந்தைய வச்சிக்கினு போவ முடியல. போனேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்."

கண்ணை இமைக்காமல் சொன்னாள். மேனேஜர் கார்டை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் அலைச்சலுக்குப் பயந்து பதினோரு வருஷத்தைப் பாழாக்கிவிட்டாயே, புருஷன் அங்கே கப்பலுக்கடியில் படுத்துக் கிடக்கிறான், உனக்கென்ன வந்தது, இப்படியும் ஒரு பெண்பிள்ளை இருப்பாளா என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே பின்னாலேயே ஓடினேன். அவள் நிற்கவில்லை. கூட்டம் வேறு என்னைச் சூழ்ந்துகொண்டது. அதைப் பிய்த்துக்கொண்டு போய், ரோட்டில் அவளைப் பிடித்தேன்.

"இன்னாடா ஆச்சி அன்னிக்கி?"

"கியூ பெருசா இருந்திச்சிக்கா."

"நிக்க முடில உனக்கு."

"ஆமா."

சின்னவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "உனக்காவ சொல்லலடா நான். இத்த கேட்டாருன்னா அவரு உன்ன வூட்டுப் படி ஏத்த மாட்டாரு. எனக்குன்னு கீறது நீ ஒருத்தன்தான். அத்தயும் வுட்டுட்டு நான் இன்னா பண்ண?" என்றாள். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

மேனேஜர் விடவில்லை, இருந்தாலும் எழுதிப் பார்த்தார். காலாவதியான பதிவுக்கு முன்னுரிமை தர விதியில் இடமில்லை என்று ஒரு வாரத்தில் பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். சனிக்கிழமை மாமா வந்ததும், மேனேஜரிடம் சொன்ன அதே கதையை அக்கா அவரிடமும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை, சாப்பிடவும் இல்லை. சின்னவன் மடியில் ஏறப் போனான், அவனைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு தடவை தெருமுனை வரைக்கும் போய் உள்ளே வராமல் திரும்பினேன்.

கான்ட்ராக்டர் மூலமாகத் தற்காலிகமாக வரச் சொல்லி மேனேஜர் மாமாவைக் கேட்டார்.

"பத்து வருசமா அங்க கான்ட்ராக்ட்டு சார். இங்கயும் கான்ட்ராக்ட்டுன்னா, என்னிக்கி வேணும்னாலும் போன்னு சொல்லுவாங்க. அங்கியாவது நாலு பேரு பழக்கம்" என்றார் மாமா.

மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. "எங்கயாவது உதவும், வச்சுக்கோப்பா" என்று அந்த ஃபிலிமை ஒரு கவரில் போட்டு அவரிடம் கொடுத்தார்.

உதவியது. மண்ணடியில் ஒரு ஏஜென்ட், குவைத்துக்கு வெல்டர்கள் எடுத்துக்கொண்டிருந்தான். ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தானாம். எப்போது பதிந்தாய் என்று கேட்கவில்லை, எந்தக் கார்டும் கேட்கவில்லை. "பாஸ்போர்ட் எடுத்தாந்துடு" என்றானாம். இத்தனை வருஷமாகக் கப்பலில் போகிறவர்களெல்லாம் கூப்பிட்டும், பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று போகாமல் இருந்தவர் அவர். இந்தத் தடவை சரி என்றுவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் லீவு கிடையாது.

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தையும் நானே டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். ஷெட்டில் நாலு மெஷினும் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டுதான் இருந்தன.

மாமா புறப்பட்ட அன்றைக்கு எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். பஸ் ஏறி மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய்க்கு ரயில். புதுப் பெட்டி, அதன் மேல் வெள்ளை பெயின்ட்டில் அவர் பெயர். பெரியவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் இந்த மூன்று மாதமாக அவர் பாஸ்போர்ட் விஷயமாக அடிக்கடி வந்துபோனதில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டான், தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்றான். அக்கா அவனைப் பிரித்து வாங்கினாள்.

"ஒரே ஒரு தபா" என்றார் மாமா அவளிடம். கோபமாகக்கூட இல்லை. "ஒரே ஒரு தபா அந்த ஆபீஸுக்குப் போய்ட்டு வந்திருந்தீன்னா, நான் இன்னிக்கி இங்க நின்னுகினு இருக்க மாட்டேன்."

"இன்னா பண்றது. என் புத்தி" என்றாள் அக்கா, பிள்ளையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே. என் பக்கம் திரும்பவில்லை.

மாமா என் தோளில் கை வைத்தார். "மச்சான், எதுன்னாலும் நீதான் பாத்துக்கணும். உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன். ஸ்கூலு, ரேஷன், பேங்கி, எல்லாம் நீயே போய்ட்டு வந்துடு. இதுகிட்ட குடுக்காத, மறந்துடும்."

நான் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸு வருது மாமா" என்றேன். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் ஆனது.